தொட்டுப் பார்த்துப் போடும் டிக்

அக்கா ஒரு பொருளைக் கையால் தொடாமல் பதிவேட்டில் அதன் எதிரே டிக் போட மாட்டார். வேலையில் சேர்ந்த புதிதில் இதை ஒருவகைக் கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

காலை ஏழரைக்கு ஏரிக்கரை ஷெட்டைத் திறந்ததும் பதிவேட்டை இடது கையில் விரித்துக்கொள்வார். லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றாக எடுத்து, நெஞ்சுக் கிளிப்பை மாட்டி, இழுத்துப் பார்ப்பார். கயிற்றை முழு நீளத்துக்கும் உள்ளங்கை வழியாக ஓட விடுவார். விசிலை ஊதுவார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சைக் கிள்ளிப் பார்ப்பார். அப்புறம்தான் டிக். நாற்பது ஜாக்கெட் என்றால் நாற்பது தடவை.

இந்த வேலையில் இருக்கிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. மாதத்தின் முதல் தேதியே உட்கார்ந்து முப்பது நாளுக்கும் போட்டுவிடுவார்கள். ஒரே நாளில் போட்டது தெரியாமல் இருக்க நடுவில் பேனாவை மாற்றிக்கொள்வார்கள். அக்காவுக்கு உதவி செய்வதாக எண்ணி நானும் ஒருமுறை பதினைந்து நாளுக்கு முன்கூட்டிப் போட்டு வைத்தேன். அவர் திட்டவில்லை. ஒவ்வொரு டிக்கையும் அடித்து, பக்கத்தில் 'பார்க்காமல் போட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினைந்து தடவை.

"ஏன்டா ஊர்சுத்தி, நாளான்னிக்கு இந்தக் கயிறு இங்க இருக்கும்னு உனக்கு யார் சொன்னா?"

"எங்கக்கா போவப் போவுது கயிறு?"

"எங்க போவும்னு உனக்குத் தெரியாது இல்ல? அப்ப போடாத."

ஊர்சுத்தி என்பது அவர் எனக்கு வைத்த பெயர். பொருத்தமான பெயர்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, விஜயவாடாவில் ஓட்டல், ஓசூரில் லாரி கிளீனர் என்று சுற்றியதில் எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. அக்காவிடம் மட்டும் மூன்று வருடம் இருந்தேன்.

அந்த ஏரி தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். படகுப் பாதுகாப்புக்கென்று மாநில அரசு உள்ளாட்சி ஆபீஸ்களுக்குப் பணம் கொடுத்த ஒரு திட்டத்தில் எங்களை எடுத்தார்கள். இன்ஜின் வைத்த மீட்புப் படகு ஒன்று, நாற்பது ஜாக்கெட், கண்காணிக்க அக்கா, உதவிக்கு நான். ஞாயிறு, விடுமுறை நாட்களில் பெடல் படகு ஓட்ட வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அடையாறு பொங்கித் தெருவுக்குள் வந்தால் அதே படகை எடுத்துக்கொண்டு போய் ஆட்களை ஏற்றி வர வேண்டும். பணம் இரண்டு தவணை. முதல் தவணையை ஒழுங்காகச் செலவழித்தோம் என்று கணக்கும் அறிக்கையும் போனால்தான் இரண்டாவது வரும்.

விதியை மீறுகிறவர்களுக்கு அபராதம் போடும் அதிகாரமும் அக்காவுக்கு உண்டு என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். மஞ்சள் அட்டை போட்ட ரசீதுப் புத்தகம்கூட வந்தது. அதற்கான உத்தரவு வரவே இல்லை. அதனால் அவரிடம் இருந்தது விசிலும் குரலும்தான். யாராவது ஜாக்கெட் போட மறுத்தால், படகின் முன்கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கரையில் நின்றுவிடுவார். நல்ல உடம்பு. இழுத்துவிட்டுப் போக முடியாது.

ஒரு பொங்கல் விடுமுறையில் நான்கு பேர் கொஞ்சம் போதையோடு ஏறி உட்கார்ந்தார்கள்.

"இன்னா மேடம், ஏரி இன்னா உங்கப்பன் வூட்டுதா?"

"எங்கப்பா வூட்டுக்குத் தண்ணி லாரியே வாரம் ஒருவாட்டிதான் சார் வரும். கிளிப்பப் போடுங்க."

"எனக்கு நீச்சல் தெரியும்."

"எனக்குத் தெரியாது சார். நீங்க விழுந்தா நான் கரையில நின்னு விசில்தான் ஊதுவேன். கிளிப்பப் போடுங்க."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பின்னால் நின்ற வரிசை அவரைத் திட்டியது. அவர் கயிற்றை விடவில்லை. கடைசியில் அவர்களில் ஒருவன் சிரித்து, "போடுடா மச்சான், இது விடாது" என்று மற்றவன் தலை வழியாக ஜாக்கெட்டை மாட்டினான். அக்கா குனிந்து நான்கு கிளிப்பையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார்.

நீச்சல் தெரியாது என்பது பொய் இல்லை. இரும்புலியூரில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தார். கணவர் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர், அதிகம் பேசாதவர். ஞாயிற்றுக்கிழமை அக்கா காலை ஆறு மணி சர்ச் ஆராதனைக்குப் போய்விட்டு, அதே புடவையோடு ஏரிக்கு வந்துவிடுவார். "எல்லாரும் மதியம் ஜெபிப்பாங்க, நான் மதியம் எண்ணுவேன்" என்பார். எத்தனை தலை தண்ணீரில் போயிற்று, எத்தனை தலை திரும்பிற்று என்பதைத்தான் சொல்வார்.

இரண்டாம் வருடம் இன்ஜின் நின்றுபோனது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது என்றார் மெக்கானிக். உள்ளே இரண்டு மூன்று பாகம் மாற்ற வேண்டும். அந்தச் சமயத்தில்தான் முதல் தவணைக்கான அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 'மீட்புப் படகு இயங்கும் நிலையில் உள்ளதா?' என்று ஒரு கேள்வி. அக்கா 'இல்லை' என்று எழுதினார். கீழே என்னென்ன பாகம் தேவை என்று பட்டியலும் போட்டார். கெட்டுப்போயிருக்கிறது என்று சொன்னால் சரிசெய்யப் பணம் அனுப்புவார்கள் என்று உண்மையாகவே நம்பினார்.

பதில் வந்தது. முதல் தவணையில் வாங்கிய பொருளைப் பராமரிக்காததால் இரண்டாம் தவணை நிறுத்திவைக்கப்படுகிறது. பணம் இல்லாததால் இன்ஜின் ஓடவில்லை, இன்ஜின் ஓடாததால் பணம் இல்லை. அக்கா அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார்.

"ஆம்னு எழுதியிருந்தா வந்திருக்கும்க்கா" என்றேன்.

"ஓடாததை ஓடுதுன்னு எப்படிடா எழுதறது?"

"எல்லாரும் எழுதறாங்க."

"அவங்க போட் ஓடுதா?"



அந்த வருட மழையில் இன்ஜின் இல்லாத படகைத் துடுப்போடு எடுத்துக்கொண்டு முடிச்சூர்ப் பக்கம் போனோம். ஒரு தெருவுக்குள் ஆற்றுத் தண்ணீர் குறுக்கே ஓடியது. அந்தப் பக்கம் ஒரு வீட்டு முதல் மாடியில் வயதான கணவனும் மனைவியும் ஒரு சிவப்புத் துண்டை அசைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஐம்பது அடி இருக்கும். நான் துடுப்புப் போடப் போட, படகு பின்னால்தான் வந்தது. கடைசியில் ஒரு மின்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்தோம். இரண்டு மணி நேரம். பிறகு கோவளத்திலிருந்து லாரியில் படகு ஏற்றி வந்த மீனவர்கள் எங்களைத் தாண்டிப் போய் அவர்களை இறக்கினார்கள். படகு எங்களைக் கடக்கும்போது அந்த அம்மாள் அக்காவைப் பார்த்து, "அவ்ளோ நேரம் நின்னியே, ஏம்மா வரல?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அக்காவுக்கு உலகத்தில் ஒரே ஒரு காரியம்தான் இருந்தது. அடுத்த மழைக்குள் அந்த இன்ஜின் ஓட வேண்டும். ஆபீசுக்கு மனு, மாவட்டத்துக்கு மனு, மேலே மனு. சம்பளம் நான்கு மாதமாக வரவில்லை. அதைப் பற்றி ஒரு மனுவும் எழுதவில்லை.

பணம் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை படகு விடுவதை ஆபீஸ் ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்தது. அவர் ஏரியில் வைத்த ஆளுக்கு ஜாக்கெட் பிடிக்காது. நனைந்தால் நாறுகிறது, கஸ்டமர் முகம் சுளிக்கிறான் என்பான். அதோடு, சென்னையிலிருந்து ஆய்வுக் குழு எப்போது வேண்டுமானாலும் வரும், வரும்போது ஜாக்கெட் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்று ஆபீசிலிருந்தே வாய்வழி உத்தரவு. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஷெட்டில் பூட்டி வைத்திருந்தான். அக்கா தினமும் அவனோடு சண்டை போட்டுத் திறந்து எடுத்துக் கொடுப்பார். அக்கா இருக்கும்வரை அது நடந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஏரிக்கு வரவில்லை. ஆபீசில் பார்க்க முடியாத அதிகாரியை வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று மனுவோடு குரோம்பேட்டைக்குப் போயிருந்தார். எல்லாம் இன்ஜினுக்காகத்தான். அன்று நான்கு பேர் படகில் ஐந்து பேரை ஏற்றி அனுப்பினான் கான்ட்ராக்டர் ஆள். ஷெட் பூட்டியிருந்தது. நான் அங்கேதான் இருந்தேன். "ஜாக்கெட் குடுண்ணா" என்று ஒரு தடவை சொன்னேன். "உன் வேலையப் பாரு" என்றான். பார்த்தேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்து நிற்கவும் இல்லை.

ஏரி நடுவில் இருவர் இடம் மாறி உட்காரப் பார்த்தார்கள். படகு கவிழ்ந்தது. நான் துடுப்புப் போட்டுப் போய்ச் சேரும்போது நான்கு பேர் படகைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆளைத் தீயணைப்பு வண்டிக்காரர்கள்தான் சாயந்தரம் எடுத்தார்கள். மறைமலை நகரில் ஒப்பந்த வேலை பார்த்த பையன், இருபத்திரண்டு வயது, ஊரப்பாக்கத்து வீடு.

அடுத்த நாள் அதே அதிகாரி ஷெட்டுக்கே வந்தார். கெட்டவர் இல்லை. தூங்காத முகம். பதிவேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கான பக்கம் காலியாக இருந்தது. அதை அக்காவின் முன் திருப்பி வைத்தார்.

"மேடம், ஜாக்கெட் குடுத்தோம், போட மறுத்துட்டாங்கன்னு ஒரு வரி. கீழ உங்க கையெழுத்து. அவ்வளவுதான்."

"நான் அன்னிக்கு இங்கயே இல்ல சார். உங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன்."

"தெரியும். அத யாரும் கேக்கப் போறதில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த வரி இல்லன்னா திட்டத்தையே மூடிருவாங்க. இருந்தா, விபத்துக்கு அப்புறம் பாதுகாப்ப பலப்படுத்தறோம்னு நானே எழுதி, ரெண்டாவது தவணையப் பத்து நாள்ல வாங்கித் தர்றேன். மழைக்கு முன்னாடி உங்க இன்ஜின் ஓடும். எங்க வீட்லயும் தண்ணி வரும் மேடம். எனக்கு மட்டும் ஆசையா?"

அக்கா எழுந்து ஷெட்டுக்குள் போனார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். நாற்பதையும். வெளியே வந்தார். உட்கார்ந்தார். அந்த வரியை எழுதினார், கையெழுத்துப் போட்டார், டிக்கும் போட்டார். பேனாவை மூடாமலே பதிவேட்டின் மேல் வைத்தார். நான்தான் எடுத்து மூடினேன்.

அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. பத்து நாள் இருபது நாளாயிற்று, ஆனால் பணம் வந்தது. அக்டோபர் நடுவில் இன்ஜின் ஓடியது. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கரையில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கத்திச் சிரித்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். காலையில் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பது நடந்தது, ஆனால் அந்த மாதம் யாரையும் பார்த்து அவர் விசில் ஊதி நான் கேட்கவில்லை.

இன்ஜின் ஓடி மூன்று நாள் கழித்து, ஏரியில் போன அந்தப் பையனின் அக்கா வந்தாள். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை, கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக ஷிப்ட் முடித்து வந்திருந்தாள். கையில் போலீஸ் கொடுத்த காகிதம், எங்கள் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.

"இதுல கையெழுத்து நீங்களாக்கா?"

"ஆமாம்மா."

"சண்டைக்கு வரலக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க தம்பி தெருமுனையில முட்டை வாங்கப் போனாலே ஹெல்மெட் போட்டுகினு போவான். நாங்கல்லாம் கிண்டல் பண்ணுவோம். நீங்க ஜாக்கெட் குடுத்தும் வேணாம்னானாம். ஏன் வேணாம்னான்? எதுனா சொன்னானா? எங்கம்மா தெனம் கேக்குது. அத மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

நான் தரையைப் பார்த்தேன். அக்கா அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். தான் உட்காரவில்லை.

"ஜாக்கெட் உள்ள பூட்டி இருந்துச்சும்மா. யாரும் குடுக்கல. உன் தம்பி வேணாம்னு சொல்லல."

அவள் அழவில்லை. காகிதத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அப்ப ஏங்க்கா எழுதினீங்க?"

"மழைக்குள்ள இந்தப் போட்டுக்கு இன்ஜின் வேணும்னு எழுதினேன்."

"இன்ஜினா?"

அக்கா அவளைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். புதிதாகத் துடைத்து எண்ணெய் போட்ட இன்ஜின். 

"இதுக்கா?" என்றாள்.

அக்கா பதிவேட்டை எடுத்தார். நான் குறுக்கே போய் நின்றேன். மூன்று வருடத்தில் அவரை நான் தடுத்தது அன்றுதான்.

"எழுதுங்க, வேணாம்னு சொல்லல. மழை முடியட்டும்க்கா. டிசம்பர் கடைசியில எழுதிக் குடுங்க. போனவன் வரமாட்டான். அந்தச் சிவப்புத் துண்டை மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"அப்ப ரெண்டு மாசம் பொறுங்க."

"ரெண்டு மாசம் பொறுத்தா நான் எழுதவே மாட்டேன்டா. என்னைப் பத்தி இப்ப எனக்குத் தெரியும்."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்து, தான் எழுதியதை அடித்து, 'பார்க்காமல் போட்டது. நான் அன்று ஏரியில் இல்லை. ஜாக்கெட் பூட்டிய ஷெட்டில் இருந்தது' என்று எழுதினார். அதையே ஒரு வெள்ளைத் தாளிலும் எழுதி அவளிடம் கொடுத்தார். நீயும் போடுகிறாயா என்பதுபோல என்னைப் பார்த்தார். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். என் பங்கு அதில் எழுதப்படவே இல்லை என்பது போட்ட பிறகுதான் உறைத்தது. எழுது என்று நானும் சொல்லவில்லை.

தாள் போக வேண்டிய இடத்துக்குப் போனது. கான்ட்ராக்டர் ஆளைப் பிடித்தார்கள். அதிகாரியை மாற்றினார்கள். எங்கள் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். திட்டப் பணத்தில் முறைகேடு என்று ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். இன்ஜினைக் கழற்றி, விசாரணை முடியும்வரை என்று ஆட்டோவில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். அக்கா வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தே போனார். மழை முடியும்வரையாவது விடுங்கள் என்று கேட்டார். வண்டியில் இருந்தவனுக்கு அதில் என்ன அதிகாரம்?

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. இன்ஜின் ஓடிய வாரத்தில் தாழ்வான தெருக்களில் எல்லாம் நாங்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். வெள்ளத்தில் படகு வேண்டுமென்றால் கூப்பிட வேண்டிய எண் அதில் இருந்தது. அது அக்காவின் எண். கிழித்துவிடலாம் என்று இரண்டு தெரு போனோம். மூன்றாவது தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் இரும்புலியூருக்குப் போனேன். படிக்கட்டில் பாதி வரை தண்ணீர். கரண்ட் இல்லை. அக்கா ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். போன் விடாமல் அடித்தது. ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

"போட் வராதுங்க. இல்ல, லேட்டா வரும்னு இல்ல, வரவே வராது. குழந்தைய மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க. மாடி இல்லையா? பக்கத்து வூட்டுக்கு மாடி இருக்கா? இப்பவே போங்க, இடுப்பு வரைக்கும் வர்றதுக்குள்ள போங்க."

அடுத்தது.

"வெயிட் பண்ணாதீங்க சார். நோட்டீஸ்ல போட்டிருக்கு, தெரியும். நான்தான் போட்டேன். அத நம்பாதீங்க."

இடையில் கிடைத்த நொடியில் அவரும் நானும் ஆபீசுக்கு அடித்தோம், தீயணைப்புக்கு அடித்தோம், கோவளத்துக்காரர்கள் எண்ணுக்கு அடித்தோம். எங்கும் எடுக்கவில்லை, அல்லது எடுத்து, உங்களுக்கு முன்னால் பலர் வரிசையில் இருக்கிறார்கள் என்றார்கள். திட்டினவர்கள் திட்டினார்கள். ஒரு பெண், "சரிக்கா, நீங்க எப்படியும் வருவீங்க, நாங்க வாசல்லயே நிக்கறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அக்கா அவளைத் திரும்பக் கூப்பிட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து தடவை, ஆறு தடவை. கணவர் பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போயிற்று.

பன்னிரண்டு மணி வாக்கில் அவர் போன் மூச்சு விடுவதுபோல ஒரு தடவை அதிர்ந்து அணைந்தது. அந்த அறையில் அப்போதுதான் மழைச் சத்தம் கேட்டது. ஐயோ போகட்டும், இனிமேலாவது கொஞ்சம் கண்ணை மூடட்டும் என்று நினைத்தேன். உண்மையில் நினைத்தேன்.

"உன் போன்ல எவ்ளோ சார்ஜ் இருக்கு?" என்று கேட்டார்.

"நாப்பத்தஞ்சு இருக்கும்க்கா."

காதில் இருந்த தோட்டைக் கழற்றினார். அதன் கம்பியால் தன் போனின் சிம் தட்டைக் குத்தித் திறந்து, சிம்மை எடுத்து என்னிடம் நீட்டினார்.

மாற்றிப் போட்டேன். திரை வெளிச்சமாகி, சிக்னல் வந்து நின்றது. அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அடித்தது.

"சொல்லுங்க" என்றார். "ஆமா, போட் நம்பர்தான்."